உண்டு, இல்லை, இரண்டுக்கும் நடுவே

1806 ஜூன் 27 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரியான ஜான் டி மார்கனுக்கு மதுரையில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அடுத்த 2 வாரத்துக்குள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோதே அந்தப் பிள்ளைக்கு வலது கண் பார்வை போய்விட்டது. 7 மாதம் ஆனபோது குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அங்கேயே வளர்ந்து, 21 வயதில் லண்டனில் புதிதாகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் முதல் கணிதப் பேராசிரியராகி, 1871இல் காலமானார் அகஸ்டஸ் டி மார்கன்.

பள்ளியில் கணங்கள் பாடம் படித்தவர்கள் அந்தப் பெயரை அறிவார்கள். இரண்டு கணங்களின் சேர்ப்புக்கு நிரப்பி எடுத்தால் அவற்றின் நிரப்பிகளின் வெட்டு வரும். வெட்டுக்கு நிரப்பி எடுத்தால் நிரப்பிகளின் சேர்ப்பு வரும். வென்படம் வரைந்து, நிழலிட்டு, மதிப்பெண் வாங்கியதோடு பலருக்கும் அந்தப் பழக்கம் முடிந்துவிடுகிறது. தருக்கவியலின் வரலாற்றிலோ டி மார்கன் விதிகள் நிற்கும் இடம் மிகப் பெரியது. பாடநூல்கள் எப்போதும் ஒரே மூச்சில் சொல்லும் மூன்று அடிப்படை விதிகள் உண்மையிலேயே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றனவா, பழக்கத்தால் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டவையா என்று கேட்டால், அதைத் தீர்த்துவைப்பது இந்தப் பள்ளிக்கூடச் சூத்திரம்தான்.

அந்த மூன்று விதிகள் இவை. ஒரு பொருள் அதுவேதான் என்பது முற்றொருமை விதி. ஒன்று ஒரே நேரத்தில், ஒரே வகையில், ஆகவும் ஆகாமலும் இருக்க முடியாது என்பது முரண்படாமை விதி. ஒரு கூற்றை ஏற்க வேண்டும், இல்லையேல் அதன் மறுப்பை ஏற்க வேண்டும், நடுவில் வேறு இடம் கிடையாது என்பது நடுவிலக்கு விதி. மூன்றும் அரிஸ்டாட்டில் வகுத்தவை என்று எத்தனையோ நூல்கள் எழுதிவைத்திருக்கின்றன. அரிஸ்டாட்டிலைத் திறந்து பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

'மெட்டாஃபிசிக்ஸ்' நூலின் நான்காம் புத்தகத்தில் அவர் முழு மூச்சோடு காப்பது முரண்படாமை விதி ஒன்றைத்தான். எல்லா அடிப்படைகளிலும் உறுதியானது அதுவே என்கிறார். அதற்கு நிரூபணம் கேட்பவருக்குப் படிப்புப் போதாது என்றும் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் நிரூபணம் கேட்டுக்கொண்டே போனால் எங்கும் நிற்க முடியாது. நிரூபிக்க முடியாததை எப்படிக் காப்பது? அதற்கு அவர் கண்ட வழி இன்றும் வியக்க வைக்கிறது. விதியை மறுப்பவர் ஏதாவது ஒரு சொல்லைப் பொருளோடு சொல்லட்டும், அது போதும் என்கிறார். 'மனிதன்' என்று அவர் சொன்னால், அந்தச் சொல் ஒன்றைக் குறிக்கிறது, மற்றொன்றைக் குறிக்கவில்லை. அந்தக் கணமே அவர் விதியை ஏற்றுக்கொண்டுவிட்டார். எதையும் சொல்ல மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டால், அவரோடு வாதிடுவது ஒரு செடியோடு வாதிடுவது போன்றது. அதோடு விடவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர் மெகாரா ஊருக்குப் போக வேண்டும் என்று நினைத்தால் ஏன் நடந்து போகிறார், ஏன் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை, வழியில் கிணறு வந்தால் ஏன் விலகி நடக்கிறார் என்றும் கேட்கிறார்.

சுமார் 1,300 ஆண்டுகளுக்குப் பிறகு இப்னு சீனா இதே வாதத்தை இன்னும் கடுமையாக்கினார். நெருப்பும் நெருப்பல்லாததும் ஒன்றே என்று பிடிவாதம் பிடிப்பவரை நெருப்பில் தள்ளலாம், வலியும் வலியின்மையும் ஒன்றே என்பவரை அடிக்கலாம் என்று எழுதினார். அரிஸ்டாட்டிலின் வாதத்தில் எதிராளிக்கு மரியாதை இருக்கிறது. அவர் பேசும் மனிதராக இருப்பதே அவருக்கான பதில் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அந்த வகையில் மூல வாதமே உயர்ந்தது.

நடுவிலக்கு விதி அதே புத்தகத்தின் ஏழாம் அதிகாரத்தில்தான் வருகிறது. அங்கே அரிஸ்டாட்டில் இரண்டு விதிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கிறார். எல்லாம் இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது என்ற ஹெராக்ளிட்டஸின் கொள்கை எல்லாவற்றையும் உண்மையாக்கிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு என்ற அனக்சகோரஸின் கொள்கை எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடும். ஒரு விதி போனால் உண்மை பெருகி வழிகிறது, மற்றது போனால் உண்மை வற்றிப்போகிறது. இரண்டு விதிகளும் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிரே நிற்பவை என்பதை அவர் கண்டுவிட்டார். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படிப் பிறக்கிறது என்பதற்கான கணக்கு அவரிடம் இல்லை.

அவருக்கே நடுவிலக்கு விதியில் ஒரு தயக்கமும் இருந்தது. 'விளக்கவுரை குறித்து' என்ற நூலின் ஒன்பதாம் அதிகாரம் நாளைய கடற்போரைப் பற்றிப் பேசுகிறது. நாளை கடற்போர் நடக்கும், அல்லது நடக்காது. இந்த இணைப்பு கட்டாயம் உண்மை. ஆனால் 'நடக்கும்' என்பது இன்றே உண்மையாகிவிட்டால், படைத்தலைவர்கள் கூடி ஆலோசிப்பதற்கு என்ன பொருள்? முழு வாக்கியம் கட்டாயம் என்பதால் அதன் பாதிகளில் ஒன்று இப்போதே கட்டாயம் ஆகிவிடாது என்று அவர் பிரிக்கிறார். அவர் எந்த அளவுக்கு விட்டுக்கொடுத்தார் என்பதில் உரையாசிரியர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. ஸ்டோயிக் மரபின் கிரைசிப்பஸ், ஒவ்வொரு கூற்றும் உண்மை அல்லது பொய் என்று உறுதியாக நின்றார். ஊழுக்கு அடிமையாகிவிடுவோம் என்று அஞ்சி எபிக்கியூரஸ் அதை மறுத்தார். இந்தச் சண்டையைச் சிசரோ பதிவு செய்திருக்கிறார்.

முற்றொருமை விதியோ? அரிஸ்டாட்டில் அதை இவற்றுக்குச் சமமான மூன்றாவது தூணாக எங்கும் நிறுத்தவில்லை.

தமிழிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது; எழுந்த இடம் காஞ்சி. சாத்தனார் எழுதிய மணிமேகலையின் கடைசிக் காதைகளில் அறவண அடிகள் பௌத்த அளவைகளைச் சொல்லி, பிறகு ஒரு கேள்விக்கு விடை சொல்வதில் 4 வகை உண்டு என்கிறார். துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை. ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு தருகிறார். தோன்றியது அழியுமா அழியாதா என்று கேட்டால், அழியும் என்று துணிந்து சொல்லலாம். இறந்தவன் மீண்டும் பிறப்பானா மாட்டானா என்று கேட்டால், அவன் பற்று அற்றவனா அல்லாதவனா என்று பிரித்துக்கொண்டுதான் பேச வேண்டும். முட்டை முந்தியதா பனை முந்தியதா என்று கேட்டால், எந்த முட்டைக்கு எந்தப் பனை என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஆகாயப் பூ பழையதா புதியதா என்று கேட்டால், பேசாமல் இருந்துவிட வேண்டும்.

இதன் கூர்மை ஒரு வாசிப்பில் பிடிபடாது. நான்கு கேள்விகளுமே 'இதுவா, அதுவா' என்ற ஒரே வடிவில் வருகின்றன. நடுவிலக்கு விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர் நான்குக்கும் ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அடிகள் முதல் கேள்வியில் மட்டும் அப்படிச் செய்கிறார். இரண்டாவதில் கேள்வியைப் பிளக்கிறார். பிளப்பதற்கும் 'அற்றவனா, அல்லாதவனா' என்ற இரட்டையைத்தான் பயன்படுத்துகிறார். அதாவது விதியைக் கைவிடவில்லை, அதைச் சரியான இடத்துக்கு நகர்த்துகிறார். நான்காவதில், பேசப்படும் பொருளே இல்லாதபோது இரண்டு பக்கமும் வேண்டாம் என்று ஒதுங்குகிறார்.

1905இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதே முடிச்சைத் தன் கட்டுரை ஒன்றில் எடுத்துக்கொண்டார். பிரான்சின் இன்றைய அரசர் வழுக்கைத் தலையரா? பிரான்சில் அரசரே இல்லை. வழுக்கைத் தலையர்களின் பட்டியலிலும் அவர் இல்லை, மற்றவர்களின் பட்டியலிலும் இல்லை. ரஸ்ஸல் மௌனத்தை ஏற்கவில்லை. 'இல்லை' என்பதை வாக்கியத்துக்கு உள்ளே வைப்பதும் வாக்கியம் முழுமைக்கும் வெளியே வைப்பதும் வேறு வேறு என்று காட்டினார். 'பிரான்சின் அரசர் என ஒருவர் இருக்கிறார், அவர் வழுக்கையற்றவர்' என்பது பொய். 'பிரான்சின் அரசர் என ஒருவர் இருந்து அவர் வழுக்கையாக இருக்கிறார் என்பது இல்லை' என்பது உண்மை. நடுவிலக்கு விதி தப்பித்தது. 1950இல் பி. எஃப். ஸ்ட்ராசன் இதை எதிர்த்து, அரசரே இல்லாதபோது உண்மையா பொய்யா என்ற கேள்வியே எழாது என்றார். சாத்தனாரின் அறவண அடிகள் நிற்கும் இடம் ஏறக்குறைய அதுதான். தமிழ் மாணவர்களுக்குத் தருக்கவியல் நடத்துவோர் ரஸ்ஸலின் அரசரைச் சொல்லும் வகுப்பிலேயே இந்த ஆகாயப் பூவையும் சொல்ல வேண்டும்.

முற்றொருமை விதி வரிசையில் வந்து சேர்ந்த கதை நீண்டது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டன்ஸ் ஸ்கோட்டஸின் மாணவரான அந்தோனியஸ் ஆந்திரேயாஸ், உள்ளது எதுவோ அது உள்ளது என்பதற்கே முதலிடம் தர வேண்டும் என்று வாதிட்டார். 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக், பிறவியிலேயே மனத்தில் பதிந்த அறிவு உண்டா என்ற விவாதத்தில் முற்றொருமையையும் முரண்படாமையையும் ஜோடியாக எடுத்துக்கொண்டார்; குழந்தைகளுக்கு இவை தெரியாதே என்று கேட்டார். லைப்னிட்ஸ் இரண்டையும் ஒன்றாகவே கருதிய இடங்கள் உண்டு. 1715இல் சாமுவேல் கிளார்க்குக்கு எழுதிய கடிதத்தில் முரண்பாட்டு விதி, முற்றொருமை விதி என்ற இரண்டு பெயர்களையும் ஒரே விதிக்குச் சூட்டுகிறார். 19ஆம் நூற்றாண்டில் எடின்பரோவின் சர் வில்லியம் ஹாமில்டன் போன்றவர்களின் விரிவுரைகளில் மூன்றும் 'சிந்தனையின் விதிகள்' என்ற பெயரில் ஒரே வரிசைக்கு வந்தன. அங்கிருந்து பாடநூல்களுக்குப் போயின. இன்று நாம் அரிஸ்டாட்டிலின் பெயரில் படிக்கும் மூவரின் குழு, இந்த வடிவில், பிற்காலத்து ஆசிரியர்கள் அமைத்தது.

ஹாமில்டனுக்கும் டி மார்கனுக்கும் 1847இல் பெரும் சண்டை மூண்டது. டி மார்கன் அனுமான முறைகளைப் பற்றிய ஒரு கட்டுரையைக் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்துக்கு அனுப்பியிருந்தார். அதையொட்டி ஹாமில்டனிடம் சில வரலாற்றுத் தகவல்களைக் கேட்டு எழுதினார். தான் சொன்ன கருத்தை டி மார்கன் தன்னுடையதாக்கிக்கொண்டார் என்று ஹாமில்டன் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். குற்றச்சாட்டு நிற்கவில்லை, சச்சரவு மட்டும் பல ஆண்டு நீடித்தது. ஆனால் அந்தச் சண்டை ஒரு மூன்றாவது மனிதரின் பழைய ஆர்வத்தை மீண்டும் கிளறிவிட்டது. லிங்கன் நகரத்துச் செருப்புத் தொழிலாளி ஒருவரின் மகனான ஜார்ஜ் பூல், அப்போது பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். சச்சரவைப் படித்துவிட்டு 'தருக்கத்தின் கணிதப் பகுப்பாய்வு' என்ற சிறு நூலை எழுதினார். டி மார்கனின் 'முறைசார் தருக்கம்' வெளிவந்த அதே 1847இல் அதுவும் வெளிவந்தது.

1854இல், அயர்லாந்தின் கார்க் நகரக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது, பூல் தன் பெரிய நூலை வெளியிட்டார். அதில் ஒரு பக்கம் இந்த வரலாற்றில் திருப்புமுனை. ஒரு வகையைக் குறிக்க 'க' என்ற எழுத்தை வைத்துக்கொள்வோம். வெள்ளையானவற்றிலிருந்து வெள்ளையானவற்றைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பவையும் அதே வெள்ளையானவைதான். ஆகவே க × க = க. இதுவே சிந்தனையின் அடிப்படைச் சமன்பாடு என்றார் பூல். இதை இடம் மாற்றினால் க − க² = 0; காரணிப்படுத்தினால் க × (1 − க) = 0. '1' என்பது பேசப்படும் எல்லாப் பொருள்களும். '1 − க' என்பது க அல்லாதவை. அப்படியானால் க ஆகவும் க அல்லாததாகவும் இருப்பது எதுவும் இல்லை! அரிஸ்டாட்டில் நிரூபிக்க முடியாத முதல் அடிப்படை என்று சொன்னதை, பள்ளி மாணவரும் செய்யக்கூடிய இரண்டு வரி இயற்கணிதத்தால் பூல் வருவித்துவிட்டார். மெய்யியலாளர்கள் அடிப்படை என்று போற்றும் முரண்பாட்டு விதி, வடிவத்தில் இருபடிச் சமன்பாடான ஒரு விதியின் விளைவு என்று அவர் எழுதியபோது அதன் கனம் அவருக்குத் தெரிந்தே இருந்தது. சமன்பாடு முப்படியாக இருந்திருந்தால் நாம் பொருள்களை இரண்டாகப் பிரிக்காமல் மூன்றாகப் பிரித்திருப்போம் என்றும் அங்கேயே குறிப்பிடுகிறார்.

அந்த '1' என்பதைச் சாத்தியமாக்கியதில் டி மார்கனுக்குப் பங்கு உண்டு. 'மனிதன் அல்லாதது' என்றால் என்ன? மரமா, எண்ணா, வானவில்லா? அண்டத்தில் உள்ள அத்தனையும் என்று சொன்னால் அந்தச் சொல்லால் பயன் இல்லை. ஒரு பேச்சுக்கு ஒரு எல்லை உண்டு, 'அல்லாதது' என்பது அந்த எல்லைக்குள் அடங்கும் என்று டி மார்கன் 1846இலேயே வரையறுத்தார். உயிரினங்களைப் பற்றிப் பேசினால் மனிதன் அல்லாதவை மற்ற உயிரினங்கள், அவ்வளவுதான். நடுவிலக்கு விதிக்கு முதன்முறையாக ஒரு வேலி கிடைத்தது.

இப்போது அவர் பெயர் தாங்கிய விதிகளுக்கு வரலாம். 14ஆம் நூற்றாண்டில் ஓக்கம் ஊர் வில்லியம் போன்றோர் இவற்றைச் சொற்களில் அறிந்திருந்தார்கள். குறியீட்டு வடிவம் தந்து நிலைநிறுத்தியது டி மார்கன். இவற்றை வைத்து முரண்படாமையிலிருந்து நடுவிலக்குக்கு நடந்து போகலாம். 'மழை பெய்கிறது, பெய்யவில்லை ஆகிய இரண்டும் சேர்ந்து உண்மை அல்ல' என்று தொடங்குவோம். இரண்டு கூற்றுகள் சேர்ந்து உண்மை அல்ல என்றால் அவற்றில் ஒன்றாவது பொய் என்கிறது டி மார்கன் விதி. ஆகவே 'மழை பெய்யவில்லை' என்பது உண்மை, அல்லது 'பெய்யவில்லை என்பது இல்லை' என்பது உண்மை. இரட்டை மறுப்பு உடன்பாடு என்று வைத்துக்கொண்டால் பின்னது 'மழை பெய்கிறது' என்றாகும். ஆக, மழை பெய்கிறது அல்லது பெய்யவில்லை. இரண்டே அடி. ஒன்று டி மார்கன் விதி, இன்னொன்று இரட்டை மறுப்பு. இந்த இரண்டு அடிகளும் தாங்கும்வரை முரண்படாமையும் நடுவிலக்கும் ஒன்றின் இரு முகங்கள்.

1910இல் ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் 'பிரின்சிபியா மேத்தமேட்டிகா'வின் முதல் தொகுதியை வெளியிட்டபோது இந்த நெருக்கம் உச்சத்தைத் தொட்டது. அந்நூலில் கூற்றுகளுக்கான தருக்கம் 5 அடிப்படைக் கூற்றுகளின் மேல் எழுகிறது; நம் மூன்று விதிகளில் ஒன்றுகூட அந்த ஐந்தில் இல்லை. மூன்றும் நிரூபிக்கப்பட்ட தேற்றங்களாக, எண்ணிட்டு, மற்றத் தேற்றங்களோடு கலந்து நிற்கின்றன. 'இது என்றால் அது' என்பதை 'இது இல்லை, அல்லது அது உண்டு' என்று அவர்கள் வரையறுத்தார்கள். அப்படியானால் 'இது என்றால் இது' என்ற முற்றொருமை, 'இது இல்லை, அல்லது இது உண்டு' என்றாகிறது. அது நடுவிலக்கேதான். டி மார்கனைப் போட்டால் முரண்படாமையும் வந்துவிடும். இரண்டாயிரம் ஆண்டுக் கதையின் மூன்று விதிகள் ஒரே வாக்கியத்தை மூன்று விதமாக எழுதியவையாகிவிட்டன.

ஆனால் அதற்கு 2 ஆண்டு முன்பே ஆம்ஸ்டர்டாமில் விரிசல் தொடங்கியிருந்தது. 1908இல், 27 வயதான எல். இ. ஜே. பிரவுவர், தருக்க விதிகளின் நம்பகமின்மையைப் பற்றி டச்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். முற்றொருமையோடும் முரண்படாமையோடும் அவருக்குச் சண்டை இல்லை. எண்ணி முடிக்கக்கூடிய பொருள்களைப் பொறுத்தவரை நடுவிலக்கோடும் சண்டை இல்லை. முடிவற்றவற்றுக்கு அதே விதியை நீட்டுவதற்கு என்ன உரிமை என்று கேட்டார். பை என்ற எண்ணின் தசம விரிவில் 0123456789 என்ற வரிசை எங்காவது வருகிறதா? வரும், அல்லது வராது என்று கணித அறிஞர் சொல்வார். வருகிற இடத்தையும் காட்ட முடியாமல், வரவே வராது என்பதற்கும் நிரூபணம் இல்லாமல், இரண்டில் ஒன்று ஏற்கெனவே உண்மை என்று எதன் பலத்தில் சொல்கிறீர்கள் என்பது பிரவுவரின் கேள்வி. அவர் 1966இல் இறந்தார். 1997இல் கணினி அந்த வரிசையைக் கண்டுபிடித்தது. சுமார் 1,739 கோடியாவது இலக்கத்தில் அது தொடங்குகிறது. அதனால் பிரவுவரின் வாதம் தோற்றுவிடவில்லை. அந்த இடத்தில் வேறொரு வரிசையை வைத்து அதே கேள்வியைக் கேட்கலாம்.

கணிதத்தில் இது எந்த இடத்தில் வலிக்கும் என்பதை ஒரு சிறு நிரூபணம் காட்டும். விகிதமுறா எண் ஒன்றை விகிதமுறா அடுக்குக்கு உயர்த்தி விகிதமுறு எண் பெற முடியுமா? 2இன் வர்க்கமூலத்தை 2இன் வர்க்கமூல அடுக்குக்கு உயர்த்துங்கள். அது விகிதமுறு எண் என்றால் வேலை முடிந்தது. இல்லை என்றால், அதை மீண்டும் 2இன் வர்க்கமூல அடுக்குக்கு உயர்த்துங்கள், விடை 2. எப்படியும் முடியும். அழகான நிரூபணம். ஆனால் இரண்டில் எது நடந்தது என்பதை அது சொல்லவில்லை; அதன் முழு எடையையும் 'அல்லது' என்ற சொல் சுமக்கிறது. பிரவுவர் இதை ஏற்க மாட்டார். முதல் எண் விகிதமுறா எண்தான் என்பது 1930களில் வேறு வழியில், கடினமான உழைப்பால் நிறுவப்பட்டது.

பிரவுவரின் பார்வையில் நாம் மழையை வைத்து நடந்த இரண்டு அடிகளும் தவறுகின்றன. ஒன்று இல்லை என்பது இல்லை என்று காட்டினால், அது இருக்கிறது என்று காட்டியதாகாது. இரண்டு கூற்றுகள் சேர்ந்து உண்மையாக முடியாது என்று தெரிந்தாலும், எது பொய் என்று தெரிந்துவிடாது. ஆகவே டி மார்கன் விதிகளில் அந்த ஒரு திசை மட்டும் விழுகிறது. மற்றத் திசைகள் அவருக்கும் செல்லும். முரண்படாமை நிற்க, நடுவிலக்கு மட்டும் தனியே கழன்றுவருகிறது. ரஸ்ஸலின் நூலில் ஒன்றாகிவிட்ட இரண்டும் வேறு வேறு என்று ஐயமறத் தெரிந்தது இங்கேதான்.

பிரவுவரை மேலோட்டமாகப் படிப்பவர்கள் அவர் நடுவில் மூன்றாவது ஒன்று உண்டு என்றார் என நினைக்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 'இதுவும் இல்லை, இதன் மறுப்பும் இல்லை' என்று ஒருவர் சொன்னால், அவர் மறுப்பையும் மறுப்பின் மறுப்பையும் ஒருசேர ஏற்கிறார், அது முரண்பாடு. எனவே நடுவிலக்கை நிறுவ முடியாத இடத்திலும் அதைப் பொய்யாக்க முடியாது. 1908 கட்டுரையிலேயே பிரவுவர் இதைக் கவனித்துவிட்டார். முரண்படாமை விதி தன் தம்பியைப் பெற்றெடுக்காவிட்டாலும் அடி விழாமல் காக்கிறது. இரண்டு விதிகளுக்கும் இடையிலான உறவைப் பற்றி இதுவரை கண்டறியப்பட்டவற்றில் இதைவிட நுட்பமானது வேறில்லை. 1929இல் வலேரி கிளிவென்கோ இதைப் பொதுவாக்கினார். கூற்றுகளுக்கான பழைய தருக்கத்தில் நிரூபிக்கக்கூடிய எதற்கும் முன்னால் இரண்டு 'இல்லை' போட்டால், அது பிரவுவர் வழித் தருக்கத்திலும் நிரூபணமாகிவிடும் என்று காட்டினார். அந்தத் தருக்கத்துக்கு 1930இல் அரெண்ட் ஹைட்டிங் முறையான விதிகள் வகுத்தார்.

கோட்டிங்கனில் டேவிட் ஹில்பர்ட் கொதித்தார். நடுவிலக்கைப் பறிப்பது வானியலாளரின் தொலைநோக்கியையும் குத்துச்சண்டை வீரரின் முஷ்டியையும் பறிப்பதற்குச் சமம் என்று 1927இல் பேசினார். மறு ஆண்டு, 'மத்தமாட்டிஷே அன்னாலன்' இதழின் ஆசிரியர் குழுவிலிருந்து பிரவுவர் வெளியேற்றப்பட்டார். ஒரு தருக்க விதியைப் பற்றிய கருத்து வேறுபாடு, நல்ல மனிதர்களை இவ்வளவு சிறுமைப்படுத்தியது வருத்தத்துக்குரியது.

போலந்தின் யான் லுகாசியேவிச் வேறு பாதையில் போனார். 1910இல், ரஸ்ஸலின் நூல் வந்த அதே ஆண்டில், அரிஸ்டாட்டிலின் முரண்பாட்டு விதியைப் பற்றிப் போலந்து மொழியில் ஒரு நூல் எழுதி, பொருள்களைப் பற்றியது, கூற்றுகளைப் பற்றியது, நம்பிக்கைகளைப் பற்றியது என்று அந்த விதியின் 3 வடிவங்களைப் பிரித்தார். நாளைய கடற்போர் அவரை விடவில்லை. 1920இல் உண்மை, பொய் இரண்டோடு, இன்னும் தீர்மானமாகாத மூன்றாவது மதிப்பு ஒன்றையும் சேர்த்துத் தருக்கம் அமைத்தார். அங்கே நடப்பது பிரவுவரிடம் நடந்ததற்கு மாறானது. தீர்மானமாகாத கூற்றின் மறுப்பும் தீர்மானமாகாதது. எனவே 'இது அல்லது இதன் மறுப்பு' என்பதும், 'இரண்டும் சேர்ந்து இல்லை' என்பதும் ஒரே நேரத்தில் உறுதியை இழக்கின்றன. அவர் டி மார்கனையும் இரட்டை மறுப்பையும் விடாமல் வைத்திருந்தார். அதனால் கட்டு அவிழவில்லை, விழும்போது இரண்டும் சேர்ந்தே விழுந்தன. 'இது என்றால் இது' என்பதை மட்டும் அவர் தனியாக வரையறுத்துக் காப்பாற்றினார். 1938இல் ஸ்டீபன் கிளீனி அமைத்த மும்மதிப்பு அட்டவணையில், 'என்றால்' என்பதை ரஸ்ஸல் போல 'இல்லை, அல்லது' என்று எழுதினால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

மறுபுறத்தில், முரண்பாட்டைச் சகித்துக்கொள்ளும் தருக்கங்களும் பிறந்தன. ஒரு முரண்பாட்டை ஏற்றால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் என்று 12ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் சுவாசோன் ஊர் வில்லியம் காட்டியதாக மரபு. 'மழை பெய்கிறது' என்பதிலிருந்து 'மழை பெய்கிறது, அல்லது நிலவு வெல்லக்கட்டி' என்பது வரும். 'மழை பெய்யவில்லை' என்பதையும் ஏற்றால் மிஞ்சுவது வெல்லக்கட்டி நிலவு. இந்தப் படியை முறித்தால் முரண்பாடு பரவாது. 1948இல் போலந்தின் யாஸ்கோவ்ஸ்கியும், 1963இல் பிரேசிலின் டா கோஸ்டாவும் அதற்கான முறைகளை அமைத்தார்கள். 1979இல் கிரகாம் பிரீஸ்ட் கிளீனியின் அட்டவணையையே எடுத்து, நடு மதிப்பை 'இரண்டும் அல்ல' என்பதற்குப் பதில் 'இரண்டும்' என்று படித்தார். அந்த ஒரு மாற்றத்தில் விழுந்த விதிகள் எழுந்துவிட்டன. நடுவிலக்கும் செல்லும், 'இரண்டும் சேர்ந்து இல்லை' என்ற வாக்கியமும் செல்லும், அதே வேளையில் ஒரு முரண்பாடும் உண்மையாக இருக்கலாம்! முரண்படாமை விதியை ஒரு வாக்கியமாக எழுதிவைப்பதும் முரண்பாட்டை உண்மையிலேயே வெளியே நிறுத்துவதும் வேறு வேறு வேலைகள் என்பது அப்போது வெளிச்சமானது.

இவையெல்லாம் அறிஞர் கூடங்களோடு நின்றுவிடவில்லை. பள்ளி, வங்கி, மருத்துவமனை என்று எங்கும் ஓடும் தரவுத்தளங்களில் கிளீனியின் அட்டவணை குடியிருக்கிறது. தகவல் இல்லாத கட்டத்துக்கு 'நல்' என்ற குறி வைப்பார்கள். 1979இல் எட்கர் காட் அதற்கு மும்மதிப்புத் தருக்கத்தை முன்வைத்தார். எஸ்கியூஎல் மொழியில் அது நிலைத்தது. ஒரு மாணவரின் வயதுக் கட்டம் நிரப்பப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். 18க்கு மேற்பட்டவர்கள், அல்லது 18க்கு மேற்படாதவர்கள் எல்லாரையும் கொடு என்று கேட்டால், அந்த மாணவரின் பெயர் பட்டியலில் வராது. நடுவிலக்கு அங்கே செல்லவில்லை. 'நல்' என்பது 'நல்'லுக்குச் சமமா என்று கேட்டால் உண்மை என்ற விடை வராது, முற்றொருமையும் செல்லவில்லை. அதே மொழியில், தவறான தகவல் உள்ளே நுழையாமல் தடுக்கும் கட்டுப்பாட்டு விதிகள் மட்டும் தீர்மானமாகாததை ஏற்றுக்கொண்டு உள்ளே விடுகின்றன. பொய் என்று உறுதியானால்தான் தடுக்கும். ஒரே தரவுத்தளம் தேடும்போது நடு மதிப்பைக் கிளீனியைப் போல ஒதுக்குகிறது, காவல் நிற்கும்போது பிரீஸ்டைப் போல அனுமதிக்கிறது. விடுபட்ட மாணவரின் பெயரை வெளியே எடுக்க வேண்டுமானால், வயதுக் கட்டம் வெறுமையாக இருப்பவர்களையும் சேர்த்துக்கொள் என்று மூன்றாவது நிபந்தனை ஒன்றை நிரலர் தன் கையால் எழுதிச் சேர்க்கிறார்.